திறப்பு விழாவைக் கொண்டு அளக்காதீர்கள்

ஜனாதிபதி ஒருவர் பதவிக்கு வந்தால் வாழ்த்துப்பா எழுதுவது, அவர் பதவியை விட்டுப் போனதும் வசைப்பா எழுதுவது. இவ்விரண்டும் நமது எழுத்துலகில் நெடுநாளாக நிலைத்துவிட்ட வழக்கங்கள். இரண்டுக்கும் இடையில் செய்யவேண்டிய ஒரு காரியம் உண்டு. அது கணக்குப் பார்ப்பது. அதை மட்டும் நாம் செய்வதில்லை. வியாபாரச் சமூகம் என்று பெயரெடுத்தவர்கள் நாம். கடைக் கொப்பியில் ஒரு சதம் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவோம். நாட்டின் கணக்கு என்று வந்துவிட்டால், "அது பொருளியல்காரர்களின் பாடு" என்று ஒதுங்கிக்கொள்கிறோம். பிறகு அதே நாட்டின் தலைவரைப் பற்றி எட்டுச் சீர் விருத்தம் பாடுகிறோம்.

யாருடைய காலத்தில் பொருளாதாரம் நன்றாக இருந்தது என்று நம்மவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "பிரேமதாச காலத்தில் வீடு கட்டிக் கொடுத்தார்கள்" என்பார் ஒருவர். "மஹிந்த காலத்தில்தான் காபட் வீதி வந்தது" என்பார் மற்றவர். "ஜே. ஆர். திறந்த பொருளாதாரத்தைக் கொண்டுவந்தார்" என்று மூன்றாமவர் முடித்து வைப்பார். மூவரும் சொல்வது ஒரே அளவுகோல்தான். யார் எதைத் திறந்து வைத்தார் என்பதே அந்த அளவுகோல். திறந்து வைத்ததற்கான பற்றுச்சீட்டு யாரிடம் வந்து சேர்ந்தது என்று எவரும் கேட்பதில்லை.

எனது கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசாங்கம் சிறியதாக இருக்க வேண்டும் என்று நினைப்பவன் நான். அது செய்யும் வேலைகள் குறைவாகவும், செய்வன ஒழுங்காகவும் இருக்க வேண்டும். "அரசாங்கச் சம்பளம் வாங்கும் வாத்தியார் இதைச் சொல்லலாமா?" என்று சில நண்பர்கள் நகைக்கக்கூடும். தாராளமாகச் சொல்லலாம். அரசாங்கம் விமானக் கம்பனி நடத்துவதால் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நன்மையும் வந்ததில்லை. 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளைப் பிற்போட்ட நாடு இது. அந்த நாளிலும் அரசுக்குச் சொந்தமாக ஒரு விமானக் கம்பனி இருந்தது. எல்லாவற்றையும் செய்ய முற்பட்ட அரசாங்கம், தான் மட்டுமே செய்யவேண்டிய காரியத்தில் கைவிரித்தது. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். நாம் பெருமைப்படும் இலவசக் கல்வி 1945இல் கன்னங்கராவின் காலத்தில் வந்தது. அப்போது நிறைவேற்று ஜனாதிபதியும் இல்லை, நூறு கூட்டுத்தாபனங்களும் இல்லை.

ஒரு ஜனாதிபதியின் பொருளாதாரத்தை எடைபோட மூன்று கேள்விகள் போதும் என்பது என் துணிபு. முதலாவது, அவர் எவ்வளவு செலவழித்தார்? எவ்வளவு வரி வாங்கினார் என்பதல்ல கேள்வி. செலவுதான் உண்மையான வரி. இன்று வரியாக வாங்காததை நாளைக்குக் கடனாகவோ விலைவாசியாகவோ வாங்கியே தீருவார்கள். மில்டன் பிரீட்மன் வாழ்நாளெல்லாம் வற்புறுத்திய கருத்து இது. இரண்டாவது, ஒரு விவசாயியோ கடைக்காரரோ தன் தொழிலைச் செய்ய எத்தனை கந்தோர் வாசலில் நிற்க வேண்டியிருந்தது? மூன்றாவது, தன்னையும் தனக்குப் பின் வருபவரையும் கட்டுப்படுத்தும் ஒரு விதியை அவர் விட்டுச் சென்றாரா? வளர்ச்சி வீதத்தை நான் இதில் சேர்க்கவில்லை. யுத்தம், சுனாமி, எண்ணெய் விலை, நல்ல மழை எல்லாம் அதற்குள் கலந்து கிடக்கும். அது தலைவரின் குணத்தைக் காட்டாது.

ஜே. ஆர். ஜயவர்தனவிலிருந்து தொடங்குவோம். 1970 முதல் 1977 வரையான காலத்தை நமது வாப்பாமார் இன்றும் மறக்கவில்லை. பாணுக்குக் கியூ. ஒரு மாவட்டத்து அரிசியை இன்னொரு மாவட்டத்துக்குக் கொண்டுபோனால் வழியில் மறித்துச் சோதனை. நெல் விளையும் கிழக்கில் இருந்தவர்களுக்கு இதன் அர்த்தத்தை விளக்கத் தேவையில்லை. 1977 நவம்பர் வரவு செலவுத் திட்டம் இறக்குமதிக் கட்டுப்பாடுகளில் பெரும்பகுதியை நீக்கியது. இரட்டை நாணய மாற்று வீதம் ஒழிந்தது. இரண்டாவது கேள்வியில் ஜே. ஆர். சித்தியடைந்தார் என்பதில் சந்தேகமில்லை.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. வடக்கில் மிளகாயும் வெங்காயமும் செய்கை பண்ணியவர்கள் அடிபட்டார்கள். மருதமுனைத் தறிகளின் ஓசை குறைந்தது. எதிர்த்தரப்பு நண்பர்களின் மிகவும் வலிமையான வாதம் இதுதான். நான் இதைத் தட்டிக்கழிக்கவில்லை. தறிக்காரரின் இழப்பு இழப்புத்தான். ஆனால் அவரது பிழைப்புக்காக ஊர் முழுவதும் துணிக்குக் கியூவில் நிற்க வேண்டும் என்று கட்டளையிடும் அதிகாரத்தை ஓர் அமைச்சரின் கையில் கொடுத்தால், அந்த அமைச்சர் நாளைக்கு அதே தறிக்காரருக்கு நூல் கிடைப்பதையும் தன் தயவுக்கு உட்படுத்திவிடுவார்.

நான் ஜே. ஆரைக் குறைகூறுவது வேறு இடத்தில். "திறந்த பொருளாதாரம்" என்ற சொல்லைக் கேட்டவுடன் சிறிய அரசாங்கம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மை என்ன? முப்பது வருடத் திட்டமாக வகுக்கப்பட்ட மகாவலியை ஆறு வருடத்துக்குள் சுருக்கினார். விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகல, மாதுறு ஓயா என்று அணைகள் ஏககாலத்தில் எழும்பின. 1979இல் எயார் லங்கா பிறந்தது. 1970களில் அரசுடைமையான பெருந்தோட்டங்கள் அவரது ஆட்சி முடியும் வரை அரசின் கையிலேயே இருந்தன. 1980இல் வரவு செலவுப் பற்றாக்குறை, வெளிநாட்டு நன்கொடைகளைக் கழிக்காமல் பார்த்தால், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு இருபது வீதத்தைத் தாண்டியது. அதே வருடம் விலைவாசி 26 வீதமளவில் ஏறியது. கடைக்காரனுக்குக் கதவைத் திறந்துவிட்டு, திறைசேரிக்குக் கூரையைக் கழற்றிவிட்ட ஆட்சி அது. மூன்றாவது கேள்விக்கோ பதில் இன்னும் மோசம். 1978 யாப்பு ஒரு மனிதனின் கையில் எல்லாவற்றையும் குவித்தது. சந்தையைத் திறந்தவர், அந்தச் சந்தையை எந்த நேரமும் மூடக்கூடிய திறப்பையும் செய்து பின்வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

பிரேமதாசவை நம்மவர்கள் வீட்டுத் திட்டத்துக்காகவே நினைவுகூர்கிறார்கள். நான் அவருக்குப் புள்ளி கொடுப்பது வேறு காரணங்களுக்காக. 1958இல் அரசுடைமையான பஸ் சேவையை டிப்போ டிப்போவாகப் பிரித்து ஊழியர்களையே பங்காளிகளாக்க முயன்றார். 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவத்தைத் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைத்தார். ஜனசவியவில் ஒரு குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபா, 24 மாதங்களுக்கு என்று எல்லை வகுத்தார். உதவிக்கு ஒரு முடிவுத் திகதி வைத்தது பெரிய காரியம். அதற்குப் பின் 1995இல் சட்டமாகிய சமுர்த்தியைப் பாருங்கள். முடிவுத் திகதி மறைந்தது, ஆயிரக்கணக்கான உத்தியோகத்தர்கள் சேர்ந்தார்கள். அரசாங்கம் கொடுக்கும் உதவி எப்படி அரசாங்கமாகவே மாறிவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா? ஆனால் பிரேமதாசவிடமும் அந்தப் பழைய நோய் இருந்தது. 200 ஆடைத் தொழிற்சாலைகளைக் கிராமங்களுக்குக் கொண்டுபோகும் திட்டத்தில், எந்த முதலாளி எங்கே கட்டினால் எவ்வளவு கோட்டா என்று தீர்மானித்தது கொழும்புதான்.

அவருக்குப் பின் வந்த டி. பி. விஜேதுங்கவை யாரும் பேசுவதில்லை. அவர் எதையும் பெரிதாகத் திறந்து வைக்கவில்லையல்லவா? ஆனால் 1994 மார்ச்சில் நடைமுறைக் கணக்கு அந்நியச் செலாவணிக் கொடுப்பனவுகளுக்கான கட்டுப்பாடுகளை நீக்கும் கடப்பாட்டைச் சர்வதேச நாணய நிதியத்திடம் நாடு ஏற்றுக்கொண்டது அவரது காலத்தில்தான். ஒரு சாதாரண வியாபாரி வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பக் கையேந்தும் நிலை குறைந்தது. இதற்கு நாடா வெட்டும் விழா நடைபெறாததால், நமது நினைவிலும் இடமில்லை.

சந்திரிகா குமாரதுங்கவின் கணக்கு நமது கட்சி மனங்களுக்கு ஒரு சங்கடத்தைத் தரும். தாயார் தோட்டங்களை அரசுடைமையாக்கினார். மகளின் காலத்தில் அவற்றின் பங்குகள் விற்கப்பட்டன. 1997இல் டெலிகொமின் 35 வீதம் ஜப்பானின் என்.டி.டி. கம்பனிக்குப் போனது. 1998இல் எயார் லங்காவின் முகாமைத்துவம் எமிரேட்ஸிடம் சென்றது. ஒரு தொலைபேசி இணைப்புக்காக வருடக்கணக்கில் காத்திருந்த நாட்டில் இன்று மீன்காரரின் கையிலும் தொலைபேசி இருக்கிறதென்றால், அரசாங்கம் அந்தத் தொழிலில் தன் பிடியைத் தளர்த்தியதும் அதற்கு ஒரு காரணம். எனவே பச்சைக் கட்சி சந்தைக் கட்சி, நீலக் கட்சி அரசுக் கட்சி என்ற வாய்பாடு செல்லாது. அவரது ஜனாதிபதிக் காலத்திலேயே, ரணிலின் அரசாங்கம் 2003இல் நிதி முகாமைத்துவப் பொறுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 2006க்குள் பற்றாக்குறையை 5 வீதத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்றது அந்தச் சட்டம். மூன்றாவது கேள்விக்குக் கிடைத்த முதல் நல்ல பதில் அது. ஆனால் 2006இல் பற்றாக்குறை 7 வீதமளவில் இருந்தது. மீறியவர் எவரும் எந்த நீதிமன்றத்திலும் நிற்கவில்லை. தண்டனை இல்லாத சட்டம் நல்லுபதேசமாகவே நின்றுவிட்டது.

மஹிந்த ராஜபக்ஷவின் காலத்தைப் பற்றித்தான் நம்மிடையே சூடான விவாதம் நடக்கும். யுத்தம் முடிந்தது. 2010 முதல் 2012 வரை பொருளாதாரம் 8, 9 வீதமாக வளர்ந்தது. வீதிகள் வந்தன. இவற்றை மறுப்பவன் அல்ல நான். ஆனால் மூன்று கேள்விகளையும் வைத்துப் பாருங்கள். 2007இல் சர்வதேசச் சந்தையில் 50 கோடி டொலருக்கு முதலாவது இறைமை முறி விற்கப்பட்டது. அன்று திறந்த வாய் மூடவேயில்லை. பின்வந்தவர்களும் தாராளமாக விற்றார்கள். 2022இல் நாடு வங்குரோத்தானபோது அந்த முறிகளின் கடன் மட்டும் 1,200 கோடி டொலரைத் தாண்டியிருந்தது. 2007இல் அமைச்சர்கள், பிரதி அமைச்சர்கள் எல்லோரையும் கூட்டினால் நூற்றுக்கு மேல். எமிரேட்ஸ் 2008இல் விமானக் கம்பனியின் முகாமைத்துவத்திலிருந்து விலகியது. 2010இல் அதன் பங்குகளையும் அரசே வாங்கிக்கொண்டது. மிஹின் லங்கா என்று இன்னுமொரு விமானக் கம்பனியும் வந்தது. ஹம்பாந்தோட்டைத் துறைமுகமும் மத்தள விமான நிலையமும் திறக்கப்பட்டன. 2011இல் 37 நிறுவனங்களின் சொத்துகளை அரசு சுவீகரிக்க ஒரே சட்டத்தில் வழி செய்யப்பட்டது. கடைசியில் 2017இல் அந்தத் துறைமுகம் 99 வருடக் குத்தகைக்குச் சீனக் கம்பனியிடம் போனது. திறப்பு விழாவைக் கொண்டு அளந்தால் இவர் முதல்வர். விட்டுச்சென்ற பாரத்தைக் கொண்டு அளந்தால் கதை வேறு.

மைத்திரிபாலவின் ஆட்சியோ ஒரு கையால் கட்டியதை மறு கையால் அவிழ்த்தது. வந்தவுடன் அரச ஊழியருக்கு 10,000 ரூபா கூட்டிக் கொடுத்தார்கள். எனக்கும் அது கிடைத்தது. கிடைத்ததனால் அது சரியென்று ஆகிவிடாது. அமைச்சர் தொகையை 30ஆக மட்டுப்படுத்திய 19ஆவது திருத்தத்திலேயே "தேசிய அரசாங்கம்" என்று ஒரு பின்கதவையும் வைத்தார்கள். 2017இல் நெடுங்காலத்துக்குப் பின் வட்டியைக் கழித்துப் பார்த்தால் வரவு செலவை ஈடுசெய்தது. அது நல்ல காரியம். ஆனால் பெரும்பாலும் வரியைக் கூட்டியே அதைச் சாதித்தார்கள். 2016இல் நடந்த தொகைமதிப்பின்படி, முப்படைகள் நீங்கலாக, அரச, அரைஅரச துறை ஊழியர்கள் 11 இலட்சத்துக்கு மேல். அந்தத் தொகையில் கைவைக்க எவரும் துணியவில்லை.

இனி வருவது சிறிய அரசாங்கம் பேசுவோரின் கண்ணைத் திறக்க வேண்டிய பாடம். 2019 டிசம்பரில் கோட்டாபய ராஜபக்ஷ பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாக்கினார். உழைக்கும்போது செலுத்தும் வரியை நீக்கினார். பெறுமதி சேர் வரிக்குப் பதியவேண்டிய வருட விற்பனை எல்லையை 1 கோடி 20 இலட்சத்திலிருந்து 30 கோடியாக உயர்த்தினார். நமது வியாபாரிகளும் மகிழ்ந்தார்கள். "இதுதானே நீங்கள் கேட்ட சிறிய அரசாங்கம்?" என்று இடதுசாரி நண்பர்கள் இன்றும் இடித்துரைக்கிறார்கள். இல்லை, ஐயா. வரியைக் குறைத்த அதே கை 2020இல் பல்லாயிரம் பட்டதாரிகளுக்கு நியமனக் கடிதம் எழுதியது. குறைந்த கல்வித் தகைமையுடைய இன்னும் ஒரு இலட்சம் பேரைச் சேர்க்கத் திட்டம் போட்டது. அரச வரி வருமானம் மொத்த உற்பத்தியில் 8 வீதத்துக்கும் கீழே இறங்க, இடைவெளியை மத்திய வங்கி அச்சடித்த பணத்தால் நிரப்பினார்கள். வரியைக் குறைத்துச் செலவைக் குறைக்காதவன் அரசாங்கத்தைச் சிறிதாக்கவில்லை, பற்றுச்சீட்டை ஒளித்து வைக்கிறான். 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைவாசி ஒரு வருடத்தில் 70 வீதமளவில் ஏறியிருந்தது. ஒளித்து வைத்த பற்றுச்சீட்டு அப்படித்தான் வீடு தேடி வந்தது.

இரண்டாவது கேள்வியிலும் அவர் ஜே. ஆருக்கு முந்திய காலத்துக்கே போனார். 2021 மே மாதத்தில் ஒரு வர்த்தமானி அறிவித்தலால் இரசாயனப் பசளை இறக்குமதி நின்றது. பல இலட்சம் விவசாயிகள் தமது வயலுக்கு என்ன போடுவது என்பதை ஒரே ஒரு மனிதன் தீர்மானித்தார். நவம்பரில் தடையைத் தளர்த்தியபோது பெரும்போகம் தொடங்கிவிட்டிருந்தது. சம்மாந்துறையிலோ அக்கரைப்பற்றிலோ அந்தப் போகத்தில் வயல் செய்தவர்களிடம் விளைச்சலைக் கேட்டுப் பாருங்கள். பெரிய அரசாங்கம் என்றால் என்ன என்பதை எந்தப் பொருளியல் நூலையும்விடத் தெளிவாகச் சொல்லுவார்கள். 2022 ஏப்ரில் 12ஆந் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. யூலையில் அவர் போய்விட்டார்.

ரணில் விக்கிரமசிங்கவைப் பற்றி இரண்டு கருத்துகளே நடமாடுகின்றன. நாட்டை மீட்டவர் என்பது ஒன்று, மக்களை நசுக்கியவர் என்பது மற்றது. மூன்று கேள்விகளும் இரண்டிலும் உள்ள உண்மையைப் பிரித்துக் காட்டும். 1965இலிருந்து 16 தடவை நாணய நிதியத்தின் திட்டத்துக்குள் போன நாடு 2023 மார்ச்சில் 17ஆவது தடவையாகப் போனது. 2023ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டம் திறைசேரிக்குப் பணம் அச்சடித்துக் கொடுப்பதைத் தடுத்தது. 2024ஆம் ஆண்டின் அரச நிதி முகாமைத்துவச் சட்டம் வட்டி நீங்கலான செலவை மொத்த உற்பத்தியில் 13 வீதத்துக்குள் மட்டுப்படுத்தியது. மூன்றாவது கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை வேறு எவரும் எழுதவில்லை. ஆனால் முதலாவது கேள்வியில், சுமையை இறக்குவதற்குப் பதிலாகத் தோளை மாற்றினார். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 வீதமானது. விமானக் கம்பனி அரசிடமே இருந்தது.

அந்தத் தோள் யாருடையது? இந்தக் கட்டுரையில் ஒரு பந்தியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் வங்கிகளின் கையிலிருந்த ரூபா முறிகளைத் தொடவில்லை. தொட்டது ஊழியர் சேமலாப நிதியைத்தான். அதன் கையிலிருந்த முறிகள் 2025 வரை 12 வீதமும் பிறகு 9 வீதமும் வட்டி தரும் புதிய முறிகளாக மாற்றப்பட்டன. அந்த நிதி யாருடையது? கொழுந்து பறிக்கும் பெண்ணுடையது, ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளையுடையது, புடவைக்கடைச் சிப்பந்தியுடையது. ஓய்வூதியம் பெறவுள்ள என்னைப் போன்ற அரச ஊழியனின் ஓய்வூதியத்தில் அந்த மறுசீரமைப்பு கைவைக்கவில்லை. பெரிய அரசாங்கம் ஏழைகளுக்காக என்று மேடைகளில் சொல்கிறார்கள். அது உடைந்த நாளில் பணம் கொடுத்தவர்கள் யார் என்று பாருங்கள். அரச வேலையும் கிடைக்காத, ஓய்வூதியமும் இல்லாத, அரசியல்வாதியின் வாசலுக்குப் போகவும் தெரியாத ஏழைகளே கொடுத்தார்கள். நான் சிறிய அரசாங்கம் கேட்பது பணக்காரனின் வரிக்காக அல்ல, இவர்களுக்காக.

2024 செப்டெம்பரில் பதவியேற்ற அநுர குமார திசாநாயக்க மார்க்சிய மரபில் வளர்ந்த கட்சியின் தலைவர். ஆனாலும் நாணய நிதியத் திட்டத்தைக் கைவிடவில்லை. 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதியை மீண்டும் திறந்தார். அதே வேளை விமானக் கம்பனியை விற்பதில்லை என்றார். அரச ஊழியரின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக்கும் வரவு செலவுத் திட்டத்தையும் கொண்டுவந்தார். அவருக்கு இப்போதே தீர்ப்பெழுதுவது நியாயமல்ல. ஆனால் எந்தத் தராசில் நிறுக்கப்போகிறோம் என்பதை இப்போதே சொல்லிவைப்பது நியாயம்.

நிறைவேற்று ஜனாதிபதிகளை இப்படி ஒவ்வொருவராக நிறுத்துப் பார்த்தால், மூன்று கேள்விகளிலும் சித்தியடைந்தவர் ஒருவருமில்லை. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. கொடுப்பவரைத்தான் நாம் பாடினோம், குறைப்பவரைப் பாடவில்லை. நியமனக் கடிதத்துக்காக வாசலில் நின்றோம், வரவு செலவுத் திட்டத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டவில்லை. நமது ஊர்களில் ஓர் அரசியல்வாதியின் பெருமை அவர் எத்தனை பேரை அரச வேலையில் சேர்த்தார் என்பதாகவே இருக்கிறது. அந்தத் தொகையைப் பெருமையாக எழுதி மலர் வெளியிடுபவர்கள் வேறு யாருமல்லர், எழுத்தாளர்களாகிய நாம்தான்.

இப்போது ஒரு சட்டம் கையிலிருக்கிறது. 13 வீதம் என்று அதில் எழுதியிருக்கிறது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் மீறப்பட்டபோது நமது சஞ்சிகைகளில் ஒரு வரிகூட வரவில்லை. இந்தச் சட்டமும் ஒரு நாள் மீறப்படலாம். அன்று ஏதாவதொரு மேடையில் ஏதாவதொன்றின் திறப்பு விழாவும் நடந்துகொண்டிருக்கும். அந்த விழாவுக்குக் கவிதை எழுதாமல், மீறலைப் பற்றி இரண்டு வரி எழுதுங்கள். வாழ்த்துப்பா பாட ஆளுக்குப் பஞ்சமில்லை.